பள்ளிக்கரணைப் பறவை நடை: வருவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபரிலிருந்து மார்ச் வரை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரமாக ஒரு சிறு குழுவாக நடக்கிறோம். பறவை பார்க்க வருகிறவர்கள் பாதி, படம் எடுக்க வருகிறவர்கள் பாதி. புதிதாக வர நினைக்கிறவர்கள் போனில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு வந்தால் அன்றைக்குக் காலையில் பேச்சைக் குறைத்துப் பறவையைக் கூடுதலாகப் பார்க்கலாம்.

எனக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது. வரலாமா?

தாராளமாக வாருங்கள். ஒன்றுமே தெரியாது என்று சொல்கிறவர்களுக்கும் காக்கை, மைனா, புறா, கிளி, குயில், பருந்து, கொக்கு, மீன்கொத்தி, சிட்டுக்குருவி தெரியும். அதுவே ஒன்பது ஆயிற்று. மீதியை நடக்கும்போது கற்றுக்கொள்ளலாம். முதல் நடையில் ஐந்து பறவைகளைப் புதிதாக அடையாளம் கண்டால் போதும். ஒரே நாளில் நாற்பது பெயரைக் குறித்துக்கொண்டு போகிறவர்களுக்கு அடுத்த வாரம் நான்கு கூட நினைவில் நிற்பதில்லை.

எத்தனை மணிக்கு, எங்கே வர வேண்டும்?

காலை 6:15-க்கு, பள்ளிக்கரணை சதுப்பு நிலச் சூழல் பூங்காவின் வாசலுக்கு. வாசல் திறந்ததும் உள்ளே போவோம். ரயிலில் வருகிறவர்கள் வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, மேடவாக்கம் பக்கம் போகும் பேருந்தையோ ஷேர் ஆட்டோவையோ பிடிக்கலாம். ஜனவரியில் சூரியன் ஆறரை மணி சுமாருக்குத்தான் உதிக்கும். அந்த வெளுக்கும் நேரத்தில் பூநாரை, வாத்துக் கூட்டங்கள் இடம் மாறுவதைப் பார்க்க முடியும். ஏழு மணிக்கு வந்தால் அது போய்விடும். ஒன்பதரைக்கு முடித்துக்கொள்வோம்.

முதல் அரை மணி நேரம் கேமராவைப் பைக்குள் வைக்கச் சொல்கிறீர்களாமே, ஏன்?

ஆமாம். எங்கள் நடையின் கண்டிப்பான விதிகளில் முதலாவது அதுதான். அதிகம் மனத்தாங்கல் வருவதும் அதனால்தான். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் காரணம் வெளிச்சம். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலை மேற்கே இருக்கிறது, சதுப்பு நிலம் அதற்குக் கிழக்கே விரிகிறது. பூங்காவில் நின்று தண்ணீரைப் பார்த்தால் காலைச் சூரியன் நேர் எதிரே. அந்த நேரத்தில் எடுக்கும் படங்களில் பறவை கறுப்பு உருவமாகத்தான் விழும். அந்த நிழலுருவமே அழகு என்று எடுக்கிறவர்கள் உண்டு, அது வேறு விஷயம். இறகின் நிறம் வேண்டும் என்றால் முதல் அரை மணியில் கேமராவால் பெரிய பயன் கிடையாது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். கையில் கேமரா இருந்தால் கண் ஒரு பறவையைத் தேடும். கேமரா இல்லாதபோது முழு இடத்தையும் பார்க்கும். எந்தத் திட்டில் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, எந்த மீன்கொத்தி எந்தக் கம்பத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்பதெல்லாம் சும்மா நிற்கிறவருக்குத்தான் தெரியவரும். மீன்கொத்தி ஒரே கம்பத்துக்கு மூன்று தடவை வந்துவிட்டால் நான்காவது தடவையும் அங்கேதான் வரும். அதை அறிந்தவர், வெளிச்சம் சரியான பக்கத்தில் போய் நின்று காத்திருக்கலாம். ஓடி ஓடி எடுத்த இருநூறு படங்களைவிட அப்படி எடுத்த இரண்டு படங்கள் நன்றாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பறவைகளுக்கு நாம் பழக வேண்டும். இருபது பேர் ஒரு பாதையில் வந்து நின்றதும் கரையோரப் பறவைகள் தள்ளிப் போகும். நாம் அசையாமல் கால் மணி நேரம் நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அதற்குத்தான் அந்த நேரம்.

படம் மட்டும்தான் முக்கியம் என்றால் மாலை நான்கு மணிக்கு நீங்களாகவே வாருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும், வெயில் மஞ்சளாக இறங்கும். நிறத்துக்கு அதுதான் நல்ல நேரம்.

என்னென்ன பறவைகளைப் பார்க்கலாம்?

வருடம் முழுக்க இருப்பவை, குளிர்காலத்துக்கு வருபவை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் இருப்பவற்றில் நாமக்கோழி, தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி மூன்றையும் முதல் நாளிலேயே பிரித்தறியலாம். நாமக்கோழி உடல் முழுக்கக் கறுப்பு, நெற்றியில் வெள்ளை நாமம், அலகும் வெள்ளை. தாழைக்கோழிக்கு நெற்றி சிவப்பு, அலகின் நுனி மஞ்சள். நீலத் தாழைக்கோழி இரண்டையும்விடப் பெரியது, ஊதா கலந்த நீலம், தடித்த சிவப்பு அலகு. நடக்கும்போது வாலை வெட்டி வெட்டி அடிக்கும், அடியில் வெள்ளை பளிச்சிடும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவி எடுப்பதற்கு ஏற்ற அமைப்பு அது. மஞ்சள்மூக்கு நாரை வேறு விதம். அலகைத் தண்ணீருக்குள் திறந்தபடி வைத்து இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடக்கும். மீன் தொட்டதும் அலகு மூடிக்கொள்ளும். கலங்கிய தண்ணீரிலும் அதனால் இரை பிடிக்க முடிகிறது, கண்ணால் பார்க்கத் தேவையில்லை. கரண்டிவாயனும் அப்படித்தான் தலையை வீசி வீசித் துழாவும். கூழைக்கடாக்கள் கூட்டமாக நீந்தி மீனை ஒரு பக்கமாக ஒதுக்கி, சேர்ந்து அலகைத் தண்ணீருக்குள் விடும். இவற்றோடு பாம்புத்தாரா, நீர்க்காகம், முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, நெடுங்கால் உள்ளான், அரிவாள்மூக்கன், செந்நாரை, சாம்பல் நாரை, வக்கா, மடையான்.

குளிர்காலத்தில் வட ஆசியாவிலிருந்து வாத்துகள் வரும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி மூன்றும் முக்கியமானவை. சேற்றில் பொரி உள்ளானும் கருவால் மூக்கனும் குத்திக் குத்தி இரை தேடும். மின்கம்பிகளில் தகைவிலான்கள். தண்ணீருக்கு மேலே மீசை ஆலாக்கள். நாணலுக்கு மேல் தாழப் பறந்து வரும் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று வந்துவிட்டால் போதும், சதுப்பு முழுக்கச் சலசலக்கும். எந்தப் பறவை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்த்தே பருந்து எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

போன மாதம் வந்தபோது நிறைய இருந்தது, இந்த மாதம் காணோம். ஏன்?

தண்ணீரின் ஆழம் மாறியிருக்கும். பறவை நோக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பறவையை அல்ல, தண்ணீரை. கணுக்கால் ஆழத்துக்கு உள்ளான்கள் வரும், முழங்கால் ஆழத்துக்கு நாரைகள் வரும், அதற்கும் மேல் என்றால் வாத்துகளும் நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும்தான். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த டிசம்பரில் சதுப்பு நிரம்பி நிற்கும்போது உள்ளான்களுக்கு நிற்க இடமில்லை. ஜனவரிக்குப் பிறகு தண்ணீர் இறங்கி, சேற்றுத் திட்டுகள் தலைகாட்டும்போது அவை வந்துவிடும்.

பெரும்பாக்கம் பக்கம் எருமை மேய்க்கும் ஒரு பெரியவர் இதை எனக்கு ஒரே வரியில் சொன்னார்: “தண்ணி ஏறினா நீந்துறது வரும், இறங்கினா நெட்டைக்காலு வரும்.” பல வருடம் குறிப்பேட்டில் எழுதி எழுதி நான் தெரிந்துகொண்டதும் இதுதான்.

பூநாரையைப் பார்க்க எப்போது வர வேண்டும்?

இதற்கும் தண்ணீர்தான் பதில். பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டி, அதிலுள்ள சிற்றுயிர்களையும் பாசியையும் தின்னும் பறவை. ஆழமில்லாத நீர் பரப்பாக இருந்தால்தான் அதற்கு வசதி. அதனால் மழைக்காலம் முடிந்து தண்ணீர் வற்றத் தொடங்கும் மாதங்களில், ஜனவரி பிற்பகுதிக்கு மேல், எதிர்பார்க்கலாம். ஆனால் எல்லா வருடமும் ஒரே எண்ணிக்கையில் வருவதில்லை. பூநாரைக்காக மட்டும் வருகிறவர்கள் ஏமாந்து திரும்பக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிச்சயமாகக் கூட்டமாகப் பார்க்க வேண்டும் என்றால் பழவேற்காடு ஏரிக்குப் போவது நல்லது.

வெள்ளைக் கொக்குகள் எல்லாம் எனக்கு ஒரே மாதிரி தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

காலையும் அலகையும் வாயின் கீறலையும் பாருங்கள். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அது சேற்றிலிருந்து காலைத் தூக்கும் நொடிக்காகக் காத்திருங்கள், மஞ்சள் காலுறை போட்டதுபோல் இருக்கும். உண்ணிக்கொக்குக்குக் கழுத்து குட்டை, அலகு மஞ்சள். எருமை, மாடுகளின் பின்னால் நடக்கும், குப்பைமேட்டிலும் இருக்கும். பெரிய கொக்குதான் உயரம், கழுத்தில் முடிச்சு விழுந்ததுபோல் ஒரு மடிப்பு. அதன் வாய்க்கீறல் கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். அந்தக் கீறல் கண்ணுக்கு நேராகவே நின்றுவிட்டால் அது நடுத்தரக் கொக்கு. தூரத்தில் இருந்தால் இந்தக் கடைசி இரண்டையும் தவறாகச் சொல்வது சகஜம். சந்தேகமாக இருந்தால் “கொக்கு” என்று மட்டும் எழுதுங்கள், அதில் தவறு ஒன்றும் இல்லை.

என்ன கேமரா வேண்டும்? போன் போதுமா?

பறவை சிறியது, தூரத்தில் இருக்கிறது. போன் கேமராவால் மட்டும் நெருங்க முடியாது. ஆனால் பைனாகுலரின் கண் வைக்கும் பக்கத்தில் போன் லென்ஸை ஒட்டிப் பிடித்து எடுத்தால் அடையாளம் காணும் அளவுக்குப் படம் விழும். கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். லென்ஸ் மாற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள கேமராக்கள் தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றவை, எடையும் குறைவு. லென்ஸ் மாற்றும் கேமரா வைத்திருக்கிறவர்களுக்கு லென்ஸின் குவியத் தூரம் 300 மில்லிமீட்டர் குறைந்தபட்சம், 400 முதல் 600 வரை இருந்தால் வசதி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் தண்ணீருக்கும் சேற்றுக்கும் மேலே காற்று அலைந்து நடுங்கும். அந்த நடுக்கத்தின் வழியே தூரத்துப் பறவையை எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸில் எடுத்தாலும் படம் குழம்பித்தான் வரும். பலர் இதை லென்ஸின் குறை என்று நினைத்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள். லென்ஸில் குறையில்லை. காலையில் சீக்கிரம் எடுங்கள், இல்லாவிட்டால் அருகில் இருக்கும் பறவையை எடுங்கள்.

கேமராவில் எப்படி வைத்துக்கொள்வது?

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500, பறக்கும் பறவைக்கு 1/2000. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, தானியங்கியில் விட்டுவிடுங்கள். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்கட்டும், புள்ளி பறவையின் கண்ணில் விழட்டும். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கலாக இருந்தாலும் படம் நிற்கும்.

கொக்கை எடுக்கும்போது வெளிச்ச அளவை (எக்ஸ்போஷரை) முக்கால் படியாவது (ஸ்டாப்) குறையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை இறகின் கோடுகள் எல்லாம் வெளுத்துப் போய்விடும். நாமக்கோழி, நீர்க்காகம் போன்ற கறுப்புப் பறவைகளுக்கு அதே அளவு கூட்ட வேண்டும். அப்புறம், முடிந்தவரை உட்கார்ந்து எடுங்கள். நின்றபடி மேலிருந்து கீழே எடுத்தால் பின்னணியில் சேறுதான் தெரியும். பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கினால் பின்னால் இருக்கும் நாணல் மங்கி, பறவை தனியாக எழுந்து நிற்கும்.

பைனாகுலர் அவசியமா?

கேமராவைவிட அவசியம். 8 மடங்கு பெருக்கம், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்ற அளவே போதும். 12 மடங்கு, 20 மடங்கு என்று வாங்கினால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகும். எங்களிடம் கூடுதலாக இரண்டு உண்டு, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

என்ன உடுத்திக்கொண்டு வருவது?

காக்கி, சாம்பல், பழுப்பு, மங்கிய பச்சை. வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற சிவப்பும் வேண்டாம். கொசு கடிக்கும், முழுக்கை நல்லது. தொப்பி, தண்ணீர் பாட்டில், பிஸ்கட். நெகிழிப் பை கொண்டுவர வேண்டாம்.

பறக்கும் படம் வேண்டும். கை தட்டி எழுப்பலாமா?

கூடாது. ஒரு பிப்ரவரியில் எங்களோடு வந்த ஒருவர், யாரும் கவனிக்காத நேரத்தில் ஊசிவால் வாத்துக் கூட்டத்தின் பக்கம் ஒரு கல்லை எறிந்தார். கூட்டம் மொத்தமும் எழுந்தது. அவருக்கு ஒரு படம் கிடைத்தது. வாத்துகள் இரண்டு முறை வட்டமடித்துவிட்டுத் தெற்கே போயின, அன்று காலை திரும்பவே இல்லை. பின்னால் வந்த பத்துப் பதினைந்து பேருக்கும் அன்று வாத்து கிடையாது.

நமக்குப் போனது ஒரு காலை. வாத்துக்குப் போனது அதைவிடப் பெரியது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வலசைப் பறவைகள் திரும்பிப் போவதற்காகத் தின்று கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. இமயத்தைத் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க அந்தக் கொழுப்புதான் எரிபொருள். ஒவ்வொரு முறை பயந்து எழும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது. தின்னும் நேரமும் போகிறது. ஒருவர் ஒருநாள் செய்தால் பறவை தாங்கிக்கொள்ளும். தினமும் யாராவது செய்தால் தாங்காது.

பறக்கும் படத்துக்கு வேறு வழி இருக்கிறது. பறவைகள் பெரும்பாலும் காற்றுக்கு எதிராகத்தான் எழும். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றால் பறவை நம்மை நோக்கி எழும். எழுவதற்கு முன் பல பறவைகள் கழுத்தை நீட்டும், சில எச்சமிடும். இதையெல்லாம் கவனித்திருந்தால் விரல் தயாராக இருக்கும்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு பண்டிகையையே சத்தமில்லாமல் கொண்டாடுகிறார்கள். நம்மால் மூன்று மணி நேரம் கை தட்டாமல் இருக்க முடியும்.

கூடுகளைப் படம் எடுக்கலாமா?

எங்கள் நடையில் கூடாது. ஆள்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் வெறும் தரையில், கூழாங்கல்லுக்கு நடுவே முட்டையிடும். வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்கத் தாயும் தந்தையும் மாறி மாறி நிழல் கொடுக்கின்றன. வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்காருவதும் உண்டு. நாம் பக்கத்தில் நின்று படம் எடுக்கும் பத்து நிமிடமும் அது தலைக்கு மேலே கத்திக்கொண்டே பறக்கும், முட்டை வெயிலில் கிடக்கும். ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கும் பறவை என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். அது கத்தினால் வந்த வழியே திரும்பி நடப்பதுதான் மரியாதை.

பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா?

வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்துத் தின்பதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

ட்ரோன்?

கூடாது. ஃபிளாஷும் கூடாது.

அப்படி என்ன சிறப்பு இந்த இடத்துக்கு? ரோட்டிலிருந்து பார்த்தால் குட்டை மாதிரித்தானே இருக்கிறது?

நானும் வருடக்கணக்கில் பேருந்து ஜன்னலிலிருந்து அப்படித்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். இறங்கி நின்ற பிறகுதான் தெரிந்தது.

தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் தாழ்நிலம் இது. மழையில் வந்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் மெல்ல மெல்ல விடும். இந்த மாதிரி நிலத்தைக் கழுவெளி என்பார்கள். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது. சாலை, குடியிருப்பு, கல்வி நிறுவனம், ஐ.டி. வளாகம், குப்பைக் கிடங்கு என்று பங்கு போனதில் மிஞ்சியது பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான். பெருமழைக் காலத்தில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதே, அந்தத் தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தான் வருகிறது.

2007-இல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் கரிக்கிலி, பிச்சாவரம் ஆகியவற்றோடு இதுவும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஈரானில் ராம்சார் என்ற ஊரில் 1971-இல் கையெழுத்தான, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியல் அது. காகிதத்தில் கிடைத்த இந்தக் காவல் முக்கியம். அதைவிட, இந்த ஊர்க்காரர்கள் நூறு பேர் இங்கே வந்து நின்று, பார்த்து, பெயர் சொல்லப் பழகியிருப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். மஞ்சள்மூக்கு நாரையைப் பெயரோடு அறிந்தவருக்கு அதற்கு மேல் இது குட்டையாகத் தெரியாது.

நாற்றம் அடிக்கும் என்கிறார்களே?

காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும் நாட்களில் அடிக்கும். பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இந்தச் சதுப்பின் மேலேயே இருக்கிறது. கள்ளப்பருந்துகள் நூற்றுக்கணக்கில் வட்டமிடுவதை அந்தப் பக்கம் பார்க்கலாம். முகக்கவசம் கொண்டுவருவது உங்கள் விருப்பம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் வசதி. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குத்தான் கண் சீக்கிரம் பழகுகிறது. நாணலுக்குள் அசையாமல் நிற்கும் செந்நாரையை முதலில் பார்த்து “அண்ணா, அங்க ஒரு பாம்பு நிக்குது” என்று சொன்னவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். உண்மையில் அந்தக் கழுத்து அப்படித்தான் இருந்தது.

பிள்ளைகளிடம் கேமரா கொடுக்காதீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பறவையை வரையச் சொன்னால் அலகு எவ்வளவு நீளம், கால் எங்கே மடங்குகிறது என்று தானாகவே கவனிப்பார்கள்.

முட்டி வலி உள்ளவர்கள் வர முடியுமா?

முடியும். சமதளமான பாதை, ஏற்றமில்லை. மூன்று மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் கூட நடப்பதில்லை. நிற்பதுதான் அதிகம், அதனால் மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுவாருங்கள். மெதுவாக நடக்கிறவர்களை வைத்துத்தான் குழுவின் வேகம்.

பாம்பு இருக்குமா?

இருக்கும். சாரை, தண்ணீர்ப்பாம்பு இரண்டும் கண்ணில் படும். பாதையை விட்டு இறங்காதவர்களுக்குத் தொந்தரவில்லை. புல்லுக்குள் இறங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வது பாம்புக்காக மட்டும் இல்லை, அங்கே தரையில் முட்டை இருக்கலாம்.

கோடையில் ஏன் நடை வைப்பதில்லை?

ஏப்ரலுக்கு மேல் இங்கேயே வாழும் பறவைகளின் குடும்ப காலம் தொடங்கிவிடுகிறது. கூட்டமாகப் போய் நிற்பதை அப்போது தவிர்க்கிறோம். ஆனால் ஒருவரோ இருவரோ அமைதியாகப் போய்ப் பார்ப்பதற்கு நல்ல காட்சிகள் உண்டு. நீளவால் இலைக்கோழியைக் குளிர்காலத்தில் பார்த்தவர்கள் “நீள வால் எங்கே?” என்று கேட்பார்கள். அந்த வால் இனப்பெருக்க காலத்தில்தான் வளரும். மழைக்கு முந்திய மாதங்களில் கறுப்பு வயிறு, பொன்னிறப் பிடரி, வளைந்த வால் என்று ஆளே மாறியிருக்கும். இலைகளின் மேல் நடக்க ஏற்ற நீண்ட விரல்கள். பெண் பறவை முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் ஆணின் பொறுப்பு. பனைகளில் தூக்கணாங்குருவி கூடு பின்னத் தொடங்குவதும் இந்த மாதங்களில்தான். எல்லாவற்றையும் தூரத்திலிருந்து, பைனாகுலரில்.

பள்ளிக்கரணையைத் தவிர சென்னையைச் சுற்றி வேறு எங்கே போகலாம்?

காட்டுப் பறவைகளுக்கு கிண்டி தேசியப் பூங்கா. சுமார் 270 ஹெக்டேர், நகரத்துக்கு நடுவே வெளிமானும் புள்ளிமானும் உலவும் புதர்க்காடு. ஆறுமணிக்குருவி குளிர்காலத்துக்கு அங்கே வந்து தங்கும். காலையும் மாலையும் ஆறு மணி சுமாருக்குக் கூவுவதால் வந்த பெயர். அக்டோபர் மாதத்தில் களைத்துப்போய் அடையாறு, மயிலாப்பூர் வீட்டு மாடிகளில் விழுந்து கிடப்பதும் இந்தப் பறவைதான். பார்த்தால் காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் சில மணி நேரம் வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நன்மங்கலம் காப்புக்காட்டின் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் கொம்பன் ஆந்தை இருக்கிறது. ஆனால் ஆந்தை இருக்கும் பாறை எது என்று யாருக்கும் அனுப்பாதீர்கள், படத்தோடு இடத்தையும் வெளியிடாதீர்கள். கேளம்பாக்கம் உப்பங்கழியில் கடற்கரைப் பறவைகள். வேடந்தாங்கல் சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று கண்டறிந்து அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் இடம். படம் எடுப்பதற்கு அவ்வளவு அருகில் கூடு கட்டும் நாரைகளை சென்னையைச் சுற்றி வேறெங்கும் பார்ப்பது கடினம்.

பார்த்த பறவைகளை எங்கே பதிவு செய்வது?

நடை முடிந்ததும் வெளியே டீக்கடையில் நின்று அன்றைய பட்டியலை ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் திருத்துவார்கள். அதை, பறவைக் கணக்குகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுவோம். உங்கள் வீட்டு மாடியிலிருந்தும் நீங்கள் ஏற்றலாம். பொங்கலை ஒட்டி ஜனவரியில் நான்கு நாட்கள் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததை எல்லாம் எண்ணி எழுதினால் போதும். காக்கையும் புறாவும் கணக்கில் உண்டு. அரிய பறவையின் படம் ஒன்றைவிட, ஒரே இடத்தில் பத்து வருடம் எண்ணிய காக்கைக் கணக்கு ஆய்வாளர்களுக்குப் பயன்படும்.

கட்டணம் எவ்வளவு?

நாங்கள் எதுவும் வாங்குவதில்லை. நுழைவுச் சீட்டு, கேமராச் சீட்டு என்று வாசல் பலகையில் எழுதியிருப்பதை அவரவர் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நடைக்கு இருபது பேர்தான், முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள்.

மழை பெய்தால்?

கனமழை எச்சரிக்கை இருந்தால் முந்தின நாள் இரவே நிறுத்திவிடுவோம், எல்லோருக்கும் செய்தி வரும். தூறல் என்றால் நடப்போம். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வாருங்கள், குடை வேண்டாம். குடை விரியும்போது கரையில் இருக்கும் நெடுங்கால் உள்ளான் எல்லாம் எழுந்துவிடும். கேமராவுக்கு மேல் சுற்ற ஒரு துண்டும், துடைக்க ஒரு பழைய பருத்திக் கைக்குட்டையும் போதும். தூறல் விட்ட பத்து நிமிடத்தில் பறவைகள் சிறகை விரித்து உலர்த்தும். பாம்புத்தாரா கம்பத்தின் மேல் இரண்டு கையையும் விரித்ததுபோல் நிற்கும். அப்போது யாரும் கேமராவைப் பைக்குள் வைக்கத் தேவையில்லை.